படைத்தலைவர்களைப் பற்றிய சிறுவர் நூல்களில் எவற்றை விடலாம், எவற்றை விடக்கூடாது?

பனையேடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக எழுதப்படும் வாழ்க்கை வரலாறுகளைச் சில காலமாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அறிவியலாளர்கள், கவிஞர்கள், சீர்திருத்தவாதிகள் ஆகியோரைப் பற்றிய நூல்களில் அவ்வளவாகத் தென்படாத ஒரு சிக்கல், போர்களால் பெயர் பெற்றவர்களைப் பற்றிய நூல்களில் மட்டும் திரும்பத் திரும்ப எதிர்ப்படுவதால், அதைப் பற்றி இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அலெக்சாண்டர், ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சன், வாஷிங்டன், நெப்போலியன் என எவரை எடுத்தாலும் நூலின் போக்கு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. சிறு வயதில் அச்சமின்மையைக் காட்டும் ஒரு நிகழ்ச்சி முதலில் வருகிறது. பெரியவர் ஒருவர் அதைக் கண்டு வியந்து, இந்தப் பிள்ளை பெரிய ஆளாக வருவான் என்கிறார். பின்னர் இளமையில் ஒரு பெரிய வெற்றி, தோற்றவரிடம் காட்டிய பெருந்தன்மை, படைவீரர்களோடு தாமும் பட்டினி கிடந்த பண்பு, இறுதியில் நாடே கண்ணீர் விட்ட இறப்பு. நான் வாசித்த நூல்களுள் ஒன்று, கிரேக்கத்தின் தீப்ஸ் நகரத்தை அலெக்சாண்டர் கைப்பற்றியபோது கவிஞர் பிண்டாரின் வீட்டை மட்டும் இடிக்கவிடாமல் காத்தார் என்ற செய்தியை அவருடைய கலையுள்ளத்துக்குச் சான்றாகத் தருகிறது. அந்த ஒரு வீடு தப்பியது என்றால் மற்ற வீடுகளுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. கி.மு. 335இல் அந்நகரில் சுமார் 6,000 பேர் கொல்லப்பட்டார்கள் என்றும், சுமார் 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள் என்றும் பழங்கால வரலாற்றாசிரியர்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.

நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள் அதே நூலை வாசித்துக்கொண்டிருந்தபோது, "ஏழு மாத முற்றுகைக்குப் பின் டயர் நகரம் பணிந்தது" என்ற வரியின்மேல் விரலை வைத்து நிறுத்திக்கொண்டு, "பணிந்தது என்றால், அதற்குப் பிறகு அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள்?" என்று கேட்டாள். பக்கத்தைத் திருப்பினால் அலெக்சாண்டர் எகிப்துக்குப் போய்விட்டிருந்தார்.

ஒரு பெரிய வாழ்க்கையை அறுபது எழுபது பக்கங்களுக்குள் அடக்கும்போது எவ்வளவோ விடுபடும் என்பதை நான் ஏற்கிறேன். எளிமைப்படுத்தாமல் பிள்ளைகளுக்கு எழுதவே முடியாது என்பதும் தெரியும். எனினும் எந்த வகையான விடுபடலைப் பொறுத்துக்கொள்ளலாம், எந்த வகையான விடுபடல் அந்த மனிதரையே வேறொருவராக மாற்றிவிடுகிறது என்பதை எப்படிப் பிரித்தறிவது? "உண்மையை மேல்வகுப்பில் படித்துக்கொள்வார்கள்" என்ற சமாதானத்தை நாம் ஏற்றுக்கொள்ளலாமா? பிள்ளைகளுக்காக எழுதுபவர்களும் கற்பிப்பவர்களும் தங்கள் அனுபவத்திலிருந்து சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வகுப்பறை (பதில்)

வணக்கம் அம்மா. பல ஆண்டுகளாக நடுநிலை வகுப்புகளுக்கு வரலாறு கற்பித்துவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மகள் கேட்ட கேள்விக்கான விடையிலிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். கி.மு. 332இல் டயர் வீழ்ந்தபின் சுமார் 30,000 பேர் விற்கப்பட்டதாகப் பழங்கால வரலாற்றாசிரியர் ஆரியன் (Arrian) எழுதுகிறார். 2,000 பேர் கடற்கரை நெடுகச் சிலுவைகளில் அறையப்பட்டதாக மற்றொரு பழைய வரலாற்றாசிரியரான கர்ட்டியஸ் எழுதுகிறார். இருவரும் அலெக்சாண்டரை வெறுத்தவர்கள் அல்லர். ஆரியன் அவரைப் பெரிதும் மதித்தவர். ஆகவே, இன்றைய சிறுவர் நூல் எவற்றை மறைக்கிறதோ அவற்றை அலெக்சாண்டரின் பழைய அபிமானிகள்கூட மறைக்கவில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். கிரானிகஸ் போரில் தம் உயிரைக் காப்பாற்றிய கிளைட்டஸை, கி.மு. 328இல் ஒரு விருந்தில் மதுவெறியில் ஈட்டியால் குத்திக் கொன்றுவிட்டு, பின்னர் அலெக்சாண்டர் அன்றிரவும் மறுநாளும் அழுதுகிடந்ததைப் பழைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் விரிவாகச் சொல்கிறார். அதே புளூட்டார்க்கிடமிருந்து, பியூசிஃபாலஸ் என்ற முரட்டுக் குதிரையைச் சிறுவன் அலெக்சாண்டர் அடக்கிய கதையை மட்டும் எடுத்துக்கொண்டு, கிளைட்டஸை விட்டுவிடுகிறோம்.

அந்தக் குதிரைக் கதையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புளூட்டார்க் அதை எழுதியது அலெக்சாண்டர் இறந்து நானூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின். பெரும்பாலான படைத்தலைவர்களின் சிறுவயதைப் பற்றி உறுதியான குறிப்புகள் மிகக் குறைவு; ஏனென்றால், அந்த வயதில் அவர்களைக் கவனித்து எழுதிவைக்க எவருக்கும் காரணம் இருக்கவில்லை. புகழ் வந்தபிறகு அந்த வெற்றிடத்தை ஒரு கதை நிரப்புகிறது. சிறுவர் நூலுக்கோ தன் வாசகனின் வயதுடைய நாயகன் கட்டாயம் வேண்டும் என்பதால், சான்று மிகக் குறைவாக உள்ள பகுதியே நூலின் முதல் இயலாக அமைந்து, அழகான படத்தோடு அச்சாகிறது. வடதுருவப் பயணத்தில் பதினான்கு வயது நெல்சன் பனிக்கரடியைத் துரத்திச் சென்ற கதையும் இப்படிப் பின்னாளில் சொல்லச் சொல்ல வளர்ந்ததுதான். அந்த வீரச் சிறுவனே வளர்ந்து, 1799இல் நேபிள்ஸில், பிடிபட்ட கடற்படைத் தலைவர் கராச்சோலோவை விசாரித்த அன்றே கப்பலின் பாய்மரக் கம்பத்தில் தூக்கிலிடச் செய்தார் என்பதை எந்தச் சிறுவர் நூலிலும் நான் கண்டதில்லை.

இவற்றுள் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு வாஷிங்டன்தான். அவர் 1799 டிசம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டே வீம்ஸ் என்ற பாதிரியார் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். செர்ரி மரத்தை வெட்டிவிட்டுத் தந்தையிடம் உண்மையை ஒப்புக்கொண்ட சிறுவனின் கதை அந்த முதற்பதிப்பில் இல்லை. 1806இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அது முதன்முதலாகத் தோன்றுகிறது. பொய் சொல்லாமையைக் கற்பிப்பதற்காக இட்டுக்கட்டப்பட்ட அந்தக் கதை பள்ளிப் பாடநூல்களுக்குள் புகுந்து, கடல்கள் தாண்டி நம் மொழி வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இப்போது வேறு சில மரங்களைப் பற்றியும் சொல்கிறேன். 1779இல் வட அமெரிக்கப் பழங்குடியினரான இரோகுவாய் மக்களின் குடியிருப்புகளை அடியோடு அழிக்கும்படி தளபதி சல்லிவனுக்கு வாஷிங்டன் எழுத்து வடிவில் ஆணையிட்டார். அந்தப் படையெடுப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் எரிக்கப்பட்டன. விளைந்து நின்ற சோளம் அழிக்கப்பட்டது. பழத்தோட்டங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. குளிர்காலம் நெருங்கும் வேளையில் மக்கள் உணவும் உறைவிடமும் இன்றி நின்றார்கள். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1790இல், இரோகுவாய் மக்களுள் ஒரு பிரிவான செனிகா மக்களின் தலைவர் கார்ன்பிளான்டர், அப்போது குடியரசுத் தலைவராக இருந்த வாஷிங்டனிடமே பேசும்போது, ஊரழிப்பவர் என்று தாங்கள் அவரை அழைத்ததையும், அந்தப் பெயரைக் கேட்டால் இன்றும் தங்கள் பெண்கள் அஞ்சித் திரும்பிப் பார்ப்பதையும், குழந்தைகள் தாயின் கழுத்தை இறுகப் பற்றிக்கொள்வதையும் கூறினார். ஒரு சிறுவர் நூலுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி எது? குழந்தைகள் இடம்பெறும் செய்தி அது, பதிவான செய்தியும்கூட. நடக்காத ஒரு மரவெட்டுக்கு முழு இயல் தரும் நூல்கள், நடந்த இதற்கு ஒரு பத்திகூடத் தருவதில்லை.

ஆகவே, உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான்: நிகழ்ச்சிகளை விடலாம்; ஆனால், நாயகனின் முடிவால் வாழ்வு மாறியவர்களை நூலிலிருந்து மொத்தமாக வெளியேற்றக்கூடாது. பத்துப் போர்களில் ஏழு போர்களை விட்டுவிட்டாலும் எனக்குக் குறையில்லை. எஞ்சிய மூன்றில் ஒன்றிலாவது, மதிலுக்கு உட்புறம் இருந்த மனிதர்கள் கண்ணில் பட வேண்டும்.

கதைசொல்லி (பதில்)

மேலே எழுதியவரின் தகவல்களில் எனக்கு மறுப்பில்லை. முடிவில் மட்டும் ஓரளவு வேறுபடுகிறேன். பிள்ளைகளுக்காக எழுதி வருபவள் நான். எட்டு வயதுப் பிள்ளைக்கான நூலில் கடற்கரை நெடுக நின்ற 2,000 சிலுவைகளை என்னால் எழுத முடியாது, எழுதவும் மாட்டேன். அந்தக் காட்சி பிள்ளையின் மனத்தில் அச்சத்தை விதைக்குமே தவிர, புரிதலைத் தராது. எண்ணிக்கைகளும் அப்படித்தான். முப்பதாயிரம் என்பது பெரியவர்களுக்கே கைக்கு அடங்காத எண்; பிள்ளைக்கு அது வெறும் பெரிய எண்.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. இதுவரை தெய்வமாக வரைந்த ஒருவரை இனி அரக்கனாக வரைவதுதான் நேர்மை என்று சிலர் கருதத் தொடங்கியிருக்கிறார்கள். அதுவும் அதே எளிமைப்படுத்தலே. வாஷிங்டனையே எடுத்துக்கொள்வோம். பதினோரு வயதில் தந்தை இறந்தபோது பத்து அடிமைகள் அவருக்குச் சொத்தாக வந்தார்கள். அவர் இறந்தபோது மவுண்ட் வெர்னான் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். அவர்களுள் அவருக்கே உரியவர்களாக இருந்த 123 பேரைத் தம் மனைவியின் காலத்துக்குப் பின் விடுதலை செய்யும்படி உயிலில் எழுதிவைத்தார். மனைவியின் முதல் கணவரின் சொத்துவழி வந்தவர்களை விடுவிக்கச் சட்டப்படி அவருக்கு உரிமை இருக்கவில்லை. இந்தச் செய்தியில் நல்லவன் என்றோ தீயவன் என்றோ முத்திரை குத்த இடமில்லை. வாழ்நாள் முழுவதும் அவர்களுடைய உழைப்பில் வாழ்ந்தவர், அது தவறு என்று உணரத் தொடங்கிய பிறகும் தாம் உயிரோடிருக்கும்வரை அவர்களை விடவில்லை. இறப்புக்குப் பின் விடச் சொன்னார். பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். சரி என்று தெரிந்தும் செய்யாமல் தள்ளிப்போடுவது எப்படியிருக்கும் என்பதைப் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள்.

ஆகவே, எழுதுபவருக்கு நான் சொல்வது: இரத்தத்தை விடுங்கள், ஆனால் முடிவெடுத்த கணத்தை விடாதீர்கள். அவர் முன்னே எத்தனை வழிகள் இருந்தன, எதைத் தேர்ந்தார், உடன் இருந்தவர்களுள் யார் வேண்டாம் என்றார்கள் என்பதைக் காட்டினால், பிள்ளையே மீதியை யோசித்துக்கொள்ளும். இன்றைய நூல்களில் நாயகன் எதையும் தேர்ந்தெடுப்பதே இல்லை. பிறக்கும்போதே எல்லாம் எழுதப்பட்டுவிட்டதுபோல ஒரு வெற்றியிலிருந்து அடுத்த வெற்றிக்கு நகர்ந்துகொண்டே போகிறான். ஜான்சி ராணி இலட்சுமிபாயைப் பற்றிய நூல்கள் இதற்குச் சான்று. 1857 ஜூனில் ஜான்சியில் ஆங்கிலேயர்கள் கொல்லப்பட்டபின், அவர் கம்பெனி ஆணையர் எர்ஸ்கினுக்குக் கடிதம் எழுதி, நிலைமையை விளக்கி உதவி கோரினார். மறு ஏற்பாடு வரும்வரை நிர்வாகத்தைக் கவனித்துக்கொள்ளும்படி அவரும் ராணிக்கு எழுதினார். பின்னர் கம்பெனி அவர்மேலேயே பழியைச் சுமத்திப் படையோடு வந்தபோதுதான் மதிலைப் பலப்படுத்தி நின்றார்; 1858 ஜூனில் குவாலியர் அருகே களத்தில் இறந்தார். அந்த மாதங்களின் தயக்கத்தையும் கணக்கையும் நீக்கிவிட்டு, முதுகில் மகனைக் கட்டிக்கொண்டு குதிரையில் பாயும் ஒரே காட்சியை மட்டும் தருவதால் அவருடைய துணிவு கூடுவதில்லை. எல்லா வழிகளையும் முயன்று பார்த்து, அவை அடைபட்டபின் போரிட்ட பெண்ணின் துணிவுதான் பெரிது.

பழம்பாடல் (பதில்)

இந்த இழையில் இதுவரை வந்தவை பெரும்பாலும் மேலைநாட்டு எடுத்துக்காட்டுகள். நம் மொழியில் போரைப் பாடியவர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஏனென்றால், நாயகனைக் குறையற்றவனாகக் காட்டுவதுதான் நம் மரபு என்று பலர் தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

புறநானூற்றின் 46ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். தன் பகைவனான மலையமானின் சிறு பிள்ளைகளை யானையின் காலில் இட்டுக் கொல்ல முற்படுகிறான் சோழன் கிள்ளிவளவன். கோவூர் கிழார் அங்கே நின்று, புறாவின் துன்பம் தீர்த்தவன் வழியில் வந்தவன் நீ என்று மன்னனின் குலப்பெருமையை நினைவூட்டிவிட்டு, அந்தப் பிள்ளைகளைக் காட்டுகிறார். யானையைக் கண்டு அழுதவர்கள், அந்த மன்றத்தை மருண்டு பார்த்ததில் அழுகையையே மறந்துவிட்டார்கள். நான் சொன்னதைக் கேட்டாயல்லவா, இனி நீ விரும்பியதைச் செய் என்று பாடலை முடிக்கிறார். இதில் ஒரு துளி இரத்தம் இல்லை. கதைசொல்லி அவர்கள் அஞ்சிய கொடுங்காட்சி எதுவும் இல்லை. மன்னன் செய்யத் துணிந்தது எவ்வளவு கொடியது என்பது, அழுகையை மறந்த அந்தப் பிள்ளைகளின் முகத்திலேயே தெரிந்துவிடுகிறது. மன்னனைப் பாடும் புலவர் மன்னனுக்கு எதிரில் நின்று எழுதிய இப்படியொரு பாடல் நம்மிடம் இருக்கும்போது, பிள்ளைகளுக்கு ஏற்ற முறையில் உண்மையைச் சொல்ல வழியில்லை என்று நாம் கூறிக்கொள்ள முடியாது. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனிடமே, தோற்று வடக்கிருந்த சேரன் உன்னிலும் நல்லவன் அல்லவா என்று கேட்ட வெண்ணிக் குயத்தியாரின் பாடலும் (புறம் 66) அதே தொகையில்தான் இருக்கிறது.

சோழர்களைப் பற்றிய சிறுவர் நூல்களில் இந்தத் துணிவு அறவே இல்லாமல் போனது எனக்கு வருத்தம் தருகிறது. இராசேந்திரன் 1025இல் கடாரத்தின்மீது கப்பற்படை அனுப்பியதும், கங்கை நீர் கொண்டுவரச் செய்ததும் முழுப் பெருமையோடு சொல்லப்படுகின்றன, சொல்லப்பட வேண்டியவைதான். ஆனால், அவர் இளவரசராக இருந்தபோது நடந்த மேலைச் சாளுக்கியப் படையெடுப்பைப் பற்றி 1007ஆம் ஆண்டு ஹொட்டூர் கல்வெட்டு என்ன சொல்கிறது என்பதை எந்தப் பிள்ளையும் அறிவதில்லை. சோழர் ஒன்பது லட்சம் பேர் கொண்ட படையோடு வந்து நாட்டைச் சூறையாடினார்கள், பெண்களையும் குழந்தைகளையும் அந்தணர்களையும் கொன்றார்கள் என்று அது குற்றம் சாட்டுகிறது. ஒன்பது லட்சம் என்பது பகைவர் மிகைப்படுத்திய எண், அதில் ஐயமில்லை. மன்னர் புகழைப் பாடும் நம் மெய்க்கீர்த்திக் கல்வெட்டுகளும் மிகைதான். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதை எழுதியவர் யார், எதற்காக எழுதினார்?" என்று கேட்கச் சொன்னால், அதைவிடச் சிறந்த வரலாற்றுப் பாடம் ஒரு பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கிடைக்காது. அந்தப் பிள்ளை இராசேந்திரனை வெறுக்கப்போவதில்லை. தம் நாட்டுக் கல்வெட்டுகள் புகழும் அதே மனிதரைத் துங்கபத்திரைக்கு அப்பால் இருந்தவர்கள் வேறு கண்ணால் பார்த்தார்கள் என்பதை அறியும்; அவ்வளவே.

அசோகரைப் பற்றியும் ஒரு குறிப்பு. அவர்தான் திருந்திய மன்னராயிற்றே, அவரிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். களத்தில் பிணங்களைக் கண்டதும் வாளை எறிந்துவிட்டு அறத்தின் பக்கம் திரும்பினார் என்று முடித்துவிடுகிறோம். அவருடைய பதின்மூன்றாம் பாறைக் கட்டளையை வாசித்தால், 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டார்கள், 1,00,000 பேர் கொல்லப்பட்டார்கள், அதைப்போலப் பன்மடங்கு மக்கள் இறந்தார்கள் என்று தம் செயலைத் தாமே எண்ணிச் சொல்வது உண்மையிலேயே நெஞ்சை உருக்குகிறது. உலக மன்னர்களுள் இப்படி எழுதியவர் அரிது. எனினும் அதே கட்டளையில், காட்டில் வாழும் மக்களுக்கு, வருந்தினாலும் தண்டிக்கும் ஆற்றல் தமக்கு உண்டு என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. கலிங்கத்தை அவர் திருப்பிக் கொடுத்ததாகவும் எங்கும் இல்லை. அந்த வருத்தக் கட்டளை கலிங்கத்தின் தௌலியிலும் ஜௌகடாவிலும் பொறிக்கப்படவே இல்லை. அங்கே அதற்குப் பதிலாக வேறு கட்டளைகள் உள்ளன. ஏன் அந்த மக்களுக்கு மட்டும் அதைக் காட்டவில்லை என்று ஒரு பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்குத் தோன்றாத விடைகள் வரும்.

தூரிகை (பதில்)

நூல்களுக்குப் படம் வரைபவன் என்ற முறையில் சில வரிகள் மட்டும். எழுத்தில் எவ்வளவு நேர்மை இருந்தாலும், பிள்ளை முதலில் பார்ப்பதும் கடைசிவரை நினைவில் வைத்திருப்பதும் படத்தைத்தான். அந்தப் படங்களோ பெரும்பாலும் அந்தந்த மன்னர்களே தங்கள் புகழுக்காக வரையச் சொன்ன ஓவியங்களைப் பார்த்து வரையப்படுகின்றன.

1800 மே மாதத்தில் நெப்போலியன் ஆல்ப்ஸ் மலையைக் கடந்தது, உள்ளூர் வழிகாட்டி ஒருவர் நடத்திச் சென்ற கோவேறு கழுதையின்மீது. படை முன்னே போய்ச் சில நாள் கழித்து அவர் சென்றார். பாறையின் விளிம்பில் முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரைமீது மேலங்கி பறக்க அவரைத் தாவித் வரைந்த ஓவியம்தான் எல்லா நூல்களின் அட்டையிலும் இருக்கிறது. சுமார் அரை நூற்றாண்டுக்குப் பின் தெலரோஷ் அதே பயணத்தைக் கழுதையோடும் குளிரில் களைத்த முகத்தோடும் வரைந்தார். சிறுவர் நூல் ஒன்றில் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைக்கலாம் என்று நான் யோசனை சொன்னபோது, நாயகனின் மதிப்புக் குறைந்துவிடும் என்று பதிப்பகத்தார் மறுத்துவிட்டார்கள். எனக்கோ, பனியில் கழுதைமீது அமர்ந்து போகும் அந்த மனிதரிடம்தான் பிள்ளைகள் நெருங்குவார்கள் என்று தோன்றுகிறது.

பாலஸ்தீனக் கடற்கரையிலுள்ள யாஃபா நகரத்தையும் சொல்ல வேண்டும். அங்கே கொள்ளைநோய் கண்டவர்களை நெப்போலியன் அஞ்சாமல் தொட்டு ஆறுதல் கூறும் ஓவியத்தை 1804இல் குரோ வரைந்தார். வரையச் சொன்னவர் நெப்போலியனே. அதே யாஃபாவில், 1799 மார்ச்சில், சரணடைந்த ஆயிரக்கணக்கான கைதிகள் அவருடைய ஆணைப்படி கடற்கரையில் கொல்லப்பட்டார்கள். ஓவியம் நிலைத்துவிட்டது, கடற்கரை மறக்கப்பட்டது. வரைபவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கொலையை வரைய வேண்டியதில்லை. ஆனால் போர்க்காட்சியில் எதிரணியினருக்கும் முகம் வரையலாம். இன்று நாயகனின் வீரர்களுக்குக் கண், மூக்கு, மீசை எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. எதிர்ப்பக்கம் ஈட்டிகளும் தலைக்கவசங்களும் மட்டுமே நிற்கின்றன.

பனையேடு

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் என் நன்றி. வகுப்பறை ஐயா சொன்ன கார்ன்பிளான்டரின் பேச்சை நான் இதற்குமுன் கேள்விப்பட்டதே இல்லை. கதைசொல்லி அவர்களின் எச்சரிக்கையும் சரியென்றே படுகிறது. சிலுவைகளைப் பற்றி மகளிடம் நான் இப்போது சொல்லப்போவதில்லை. டயர் நகரத்து மக்களுள் பலர் விற்கப்பட்டார்கள் என்பதையும், முற்றுகை நடந்துகொண்டிருந்தபோதே பெண்களும் குழந்தைகளுமாகச் சிலர் கப்பலேறிக் கார்த்தேஜுக்குச் சென்றார்கள் என்பதையும் சொல்லலாம் என்றிருக்கிறேன். அவள் கேட்டது அவர்கள் எங்கே போனார்கள் என்பதுதானே.

ஒரு ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. மேல்வகுப்பில் உண்மையைக் கற்றுக்கொள்வார்கள் என்ற சமாதானத்தைப் பற்றி எவரும் நேரடியாகச் சொல்லவில்லை. வகுப்பறையில் அது எப்படி நடக்கிறது?

வகுப்பறை

சுருக்கமாகச் சொல்கிறேன் அம்மா. நான் கண்டவரை பெரும்பாலும் அது நடப்பதில்லை. மேல்வகுப்புப் பாடநூலில் நெப்போலியனுக்குச் சட்டத் தொகுப்பும் போர்களும் ஒரே பாடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறையை 1802இல் அவர் மீண்டும் சட்டமாக்கியதையும், அதை எதிர்த்துப் போரிட்ட மக்கள் 1804இல் ஹைட்டி என்ற நாட்டை நிறுவியதையும் அந்தப் பாடத்தில் சேர்க்க இடமிருப்பதில்லை. கல்லூரியில் வரலாறு படிக்கப்போகிறவர்கள் மிகச் சிலர். எஞ்சியவர்களுக்குப் பத்து வயதில் வாசித்த நூல்தான் அந்த மனிதரைப் பற்றி அவர்கள் வாசிக்கும் முதல் நூலும் கடைசி நூலும்.

சில பிள்ளைகள் பின்னாளில் தாமாகவே தேடி உண்மையை அறிந்துகொள்கிறார்கள். அவர்களுள் சிலர் என்னிடம் வந்து பேசும்போது, படைத்தலைவர்மீது அவர்களுக்குக் கோபம் இருப்பதில்லை. சிறுவயதில் நூலைக் கையில் கொடுத்தவர்கள்மீதுதான் கோபம் இருக்கிறது. "அப்போதே சொல்லியிருக்கலாமே" என்கிறார்கள். அதன்பின் நாங்கள் கற்பிக்கும் வேறு எதையும் அவர்கள் முழுமையாக நம்புவதில்லை. இந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் செர்ரி மரக் கதையையும் 1779 ஆணையையும் ஒரே பாடவேளையில் வாசிக்கக் கொடுத்தேன். மாணவர்கள் கேட்ட முதல் கேள்வி, "அந்தத் தோட்டங்களில் என்ன பழங்கள் இருந்தன?" என்பது. ஆப்பிளும் பீச்சும் என்று சொன்னேன். அடுத்த கேள்வி, அவை மறுபடி காய்க்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது.